தயிர் டப்பாவில் அலாஸ்கா

ராமாத்தாளுக்குக் கேள்வி கேட்கிற வியாதி. தாராபுரத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் தொற்றியது, கல்யாணமாகி 2003-இல் லிவர்மோர் வந்த பிறகும் விடவில்லை. ஆனால் கேட்க ஆள் வேண்டுமே! புருஷன் சேனாபதி விடிந்ததும் மலை தாண்டி சான்டா கிளாரா ஆபீசுக்குக் கார் ஓட்டிப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அவளுடைய விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. எம்.ஏ. வரலாறு படித்தவள், அபார்ட்மென்ட் ஜன்னலில் நின்று பார்க்கிங் லாட்டின் வரலாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பாவம், அதில் எத்தனை நாளைக்குத்தான் ஆராய முடியும்?

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் ஊர் வரலாற்று மன்றத்துக்குள் நுழைந்தாள். அங்கே லோரெய்ன் என்ற அம்மாள் பழைய படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், அலாஸ்காவில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1898-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கப்பலேறி, தங்கம் தேடி வடக்கே போனவராம். ஒரு படத்தில் பனிமலைச் சரிவில் முதுகில் மூட்டையோடு ஆட்கள் எறும்புச் சாரையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு தங்கம் கிடைத்தது என்று கேட்டார்கள். ராமாத்தாள் மட்டும், இவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள்.

ரொட்டி என்றார் லோரெய்ன். அந்தக் காட்டில் ஈஸ்ட்டுக்கு எங்கே போவது? பழைய புளித்த மாவில் ஒரு கை எடுத்துவைத்து, அடுத்த மாவில் கலந்து புளிக்க வைப்பார்கள். அதற்கு சவர்டோ என்று பெயர்.

“அந்தக் குளிரில் மாவு எப்படிப் புளித்தது?”

டிசம்பர் முழுக்க இட்லி மாவை ஓவன் அடுப்புக்குள் வைத்து, லைட்டைப் போட்டு, அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவள் கேட்ட கேள்வி அது. லோரெய்ன் சிரித்துவிட்டார். மாவுச் சட்டியைப் போர்வைக்குள் கட்டிக்கொண்டு தூங்குவார்களாம். நடக்கும்போது சின்னப் பையில் போட்டுச் சட்டைக்குள் கழுத்தில் தொங்கவிடுவார்களாம். கால்விரல் விறைத்துப் போனாலும் மாவு விறைக்க விடமாட்டார்களாம். நாம் ‘பழம் தின்று கொட்டை போட்டவன்’ என்கிற ஆளை அந்தச் சீமையில் ‘சவர்டோ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ராமாத்தாளுக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

பிறகென்ன, வாராவாரம் போனாள், படங்களை அடுக்கினாள், கேள்வி கேட்டே லோரெய்னைத் துளைத்தாள். 2005 பிப்ரவரியில் அலாஸ்கா முன்னோடிகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று முடிவானது. அதற்கு முன் லோரெய்ன் மகளின் பிரசவத்துக்கு டெக்சாஸ் போகவேண்டி வந்தது. போகும்போது ஒரு மண்ஜாடியை ராமாத்தாள் கையில் கொடுத்தார். கொள்ளுத்தாத்தாவின் மாவு, நூறு வருஷமாகக் குடும்பம் தாண்டிப் போனதில்லை. அவ்வப்போது மாவும் தண்ணீரும் சேர்த்துக் காப்பாற்றவேண்டும். கண்காட்சியன்று அவளே அதில் தோசை மாதிரி பான்கேக் சுட்டு, பத்து நிமிஷம் பேசவேண்டும். அமெரிக்காவில் அவளை நம்பி ஒருவர் கொடுத்த முதல் பொறுப்பு.

ஜாடி உடைந்துவிடுமோ என்று பயந்து, மாவைக் காலித் தயிர் டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள். நம் வீட்டு ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவைத் திறந்தால் தயிரைத் தவிர எல்லாம் இருக்கும், இது ஊரறிந்தது.

கீழ்வீட்டு அமீருன்னிசா, கீழக்கரைக்காரி, ஒருநாள் வந்து புலம்பினாள். “ஆப்பமே செட் ஆக மாட்டேங்குதுக்கா. இந்த க்ளைமேட்ல மாவு அப்படியே செத்துக் கிடக்கு.” உறைமோர் கேட்டால் இல்லையென்று சொல்லிப் பழகாத கை ராமாத்தாளுடையது. அந்தத் தயிர் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான் ஐயோ, இது என் மாவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்குள் நுழைந்தபோது கடுகு தாளித்த வாசம் தூக்கியது. சேனாபதி தட்டு நிறையப் பணியாரத்தோடு நின்றான்.

“ஃபிரிட்ஜ்ல மாவு ரொம்பப் புளிச்சுக் கெடந்துச்சு அம்மிணி. வேஸ்ட் பண்ண மனசு வரல. வெங்காயம், பச்சமொளகா வதக்கிப் போட்டு ஊத்தினேன். பஞ்சாட்ட வந்துருக்குது பாரு!”

இரண்டைத் தின்று முடித்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. “எந்த மாவுங்க?”

“அந்தத் தயிர் டப்பாதான்.”

டப்பா சிங்க்கில் கவிழ்ந்து கிடந்தது. கல்யாணமான நாளாக ஒரு டம்ளர் கழுவாத மனுஷன், அன்றைக்குப் பார்த்து சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தான்! நூறு வருஷப் பனியைத் தாண்டி வந்தது பணியாரச் சட்டியில் முடிந்துவிட்டது. ராமாத்தாள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“மைதாவக் கரைச்சுப் புளிக்க வெச்சுக் குடுத்துரலாம். யாருக்குத் தெரியப் போகுது?” என்றான் சேனாபதி.

“எனக்குத் தெரியுமுங்க,” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அமீருன்னிசா ஞாபகம் வந்தது. கீழே ஓடினாள்.

“ஆப்பம் ஊத்தும்போதெல்லாம் ஒரு கரண்டி எடுத்து வச்சிருவேன்க்கா,” என்று அமீருன்னிசா ஒரு கிண்ணத்தை எடுத்தாள். “ஆனா இப்ப அதுல அரிசியும் தேங்காப் பாலும்தான் இருக்கு. பரவாயில்லயா?”

பரவாயில்லையா என்பது லோரெய்ன் சொல்லவேண்டியது. மறுநாள் ஊர் திரும்பியவரிடம் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்து, தின்றது, கேட்காமல் கொடுத்தது, இரண்டையும் ஒளிக்காமல் சொன்னாள். லோரெய்ன் முகம் விழுந்துவிட்டது. எங்கள் குடும்பத்தை விட்டுப் போனதே இல்லை என்று மட்டும் சொன்னார். ஆனாலும் ராமாத்தாளின் பிறவிக்குணம் போகுமா?

“நூறு வருஷத்தில் ஒருமுறைகூட அது சாகவில்லையா?”

லோரெய்ன் கிண்ணத்தைத் திறந்து முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் குளிர்காலத்திலேயே கொள்ளுத்தாத்தா காய்ச்சலில் படுத்துவிட, அடுப்பு அணைந்து மாவு செத்துப்போனதாம். பக்கத்துக் குடிசையில் துணி துவைத்துப் பிழைத்த ஒரு பெண்தான் தன் சட்டியிலிருந்து ஒரு கை கொடுத்தாளாம். இந்தக் கதையை வீட்டில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை என்றார்.

“அந்த அம்மா பேர் என்ன?”

“தெரியாது,” என்றார் லோரெய்ன். “யாரும் கேட்டு வைக்கவில்லை.”

ராமாத்தாளுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. மலையேறிய ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் படத்தின் கீழே பெயர் இருக்கிறது. மாவு கொடுத்தவளுக்கு இல்லையே!

சனிக்கிழமை காலை. மேஜையில் அமீருன்னிசாவின் கிண்ணம் நுரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைக்கவேண்டிய அட்டையில் ‘நூறு ஆண்டுகளாக ஒரே குடும்பத்தில்’ என்று அச்சடித்திருந்தார்கள். லோரெய்ன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். ‘துணி துவைத்த ஒரு பெண் கொடுத்தது. பெயரை நாங்கள் கேட்கவில்லை’ என்று கீழே எழுதினார். பிறகு நிமிர்ந்து, “உன் கீழ்வீட்டுத் தோழி பெயர் என்ன?” என்று கேட்டார்.

ராமாத்தாள் பேனாவைத் தானே வாங்கிக்கொண்டாள். அமீருன்னிசா என்று பெரிதாக, ஒரு எழுத்தும் விடாமல் எழுதினாள். மை காயும்வரை அட்டையை யாரையும் தொட விடவில்லை.