கால் மணி நேரத்துப் பால்

செவனம்மாவுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள். வாயை இறுக மூடிக்கொண்டு, பறித்த தேயிலைக் கொழுந்தைக் கூடைக்குள் எறிவாள். நமுனுகுல மலைச்சரிவில் மேல்கணக்குப் பிரிவின் லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். ஐம்பத்தேழாம் ஆண்டு மழைக்காலம் முழுவதும் அவள் அப்படித்தான் எறிந்துகொண்டிருந்தாள்.

கோபத்துக்குக் காரணம் ஒரு கைக்கடிகாரம். கொழுந்து பறிப்பவர்களை மேய்க்கும் மாடசாமி கங்காணி அதைப் பதுளையில் ஜௌபர் கடையில் வாங்கிவந்தார். அதுவரைக்கும் அந்தத் தோட்டத்துச் சனங்களுக்கு விடியற்காலைத் தப்புச் சத்தமும் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் சங்கும்தான் நேரம். இடையில் கிடந்த பொழுதை வெயிலைப் பார்த்தும் வயிற்றைக் கேட்டும் தெரிந்துகொண்டார்கள். கைக்குழந்தைக்காரி நடுக்காலையில் மலையை விட்டு இறங்குவாள். பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டிருக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கொழுந்து நிரைக்குத் திரும்புவாள். வயிறு நிறைந்து பிள்ளை மார்பை விட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

கடிகாரம் வந்த கையோடு சட்டமும் வந்தது. பால் கொடுக்கக் கால் மணி நேரம். மிஞ்சினால் அரைப்பேர், அதாவது முழுநாள் வேலைக்கு அரைநாள் சம்பளம்.

மனுஷன் அதோடு விட்டாரா? காம்பரா வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு உள்ளே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார்.

“பாதி ஆச்சு! சுருக்கா புள்ள, சுருக்கா! முடியப்போவுது!”

உள்ளே செவனம்மா தன் மகள் தனலெட்சுமியை மடியில் போட்டுக்கொண்டு கதவையே பார்த்திருப்பாள். மார்பு கல்லாகக் கனக்கும், பால் மட்டும் இறங்காது. மேடு பள்ளம் ஓடிவந்த மூச்சு அடங்குவதற்குள் பாதி ஆகிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இறங்க வந்த பாலும் நின்றுவிடும். பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டு அழும். அழுகிற பிள்ளையைப் பிடுங்கி ஆயா கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். மேடேறி நிரையில் நின்று, ஆள் சற்று ஆறியதும் பால் தானாக இறங்கி ரவிக்கையை நனைக்கும். பெற்ற பிள்ளை கீழே பசியில் கத்த, பால் தேயிலைச் செடிக்குப் போனது. கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டு மாதத்தில் தனலெட்சுமி கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகிப் போனாள். மூத்த பிள்ளையும் இதே மாதிரி ஒட்டிப்போய்த்தான் செத்தது. அதைத் தேயிலைக்குள்ளேயே புதைத்தார்கள். இதையும் மண்ணுக்குக் கொடுத்துவிடக் கூடாது. செவனம்மாவின் மனதில் அந்த நாட்களில் வேறு எதுவுமே இல்லை.

“கங்காணியப் பகைச்சுக்காத. எல்லாருக்குந்தான சட்டம்,” என்றான் அவள் புருஷன் இராமையா.

அன்று இரவு அவன் சோற்றுத் தட்டு சத்தத்தோடு தரைக்கு வந்தது.

சரி, தோட்டத்தில் நேரத்துக்கு அவ்வளவு பஞ்சமா? சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை குமாரசிங்கம் யாழ்ப்பாணத்து மனுஷர். தேத்தண்ணி குடிக்கக் குவாட்டர்ஸுக்குப் போனால் போனதுதான். பெண்கள் ஈரக் கம்பளியோடு, அட்டை கடித்த காலில் இரத்தம் வழிய, வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தை எந்தக் கடிகாரமும் அளக்கவில்லை. மாடசாமியும் அங்கேதான் நிற்பார். அப்போது மட்டும் சட்டைக்கை கடிகாரத்தை மூடியிருக்கும். கணக்கப்பிள்ளை ஆறஅமரத் தேத்தண்ணி குடிக்க, பிள்ளை மட்டும் அவதி அவதியாய்க் குடிக்க வேண்டும். என்ன நியாயம் இது?

மடுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் கூடையை அவரவர்தான் தூக்கித் தராசில் மாட்ட வேண்டும். அடுத்தவள் கை பட்டால் கொழுந்து குறைந்துபோனது என்று சண்டை வரும். முன்னால் நிற்பவள் மாட்டாமல் பின்னால் நிற்பவள் மாட்டமாட்டாள்.

ஒரு நாள் செவனம்மா எல்லாருக்கும் முன்னால் இறங்கிவந்து, வரிசையின் தலையில் தன் கூடையை வைத்தாள். பிள்ளைக்காம்பராவுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்த தனலெட்சுமியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குமாரசிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, நிறுவையைத் தொடங்கக் கையைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்து அழுதது. செவனம்மா கூடைக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கம்பளியை இழுத்துப் போர்த்திப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

“என்ன செய்யிறாய்? எழும்பு! ஸ்டோருக்குப் போற லொறி நிக்கிறது தெரியேல்லையே?”

“புள்ள குடிக்கிதுங்கய்யா. இருங்க.”

“கூடையை மாட்டிப்போட்டுக் குடு!”

அவள் அசையவில்லை. பின்னால் நின்ற பெண்களைப் பார்த்து அவர் சத்தம் போட்டார். ஒருத்தியும் முன்னால் வரவில்லை. ஒருத்தி கூடையை இறக்கிவைத்துத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

செவனம்மாவுக்குப் பால் இறங்கியது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பிள்ளை மடக்கு மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. அவசரப்பட வேண்டிய ஆட்கள் இன்றைக்கு வேறு. லொறிக்காரன் ஹார்ன் அடித்தான். குமாரசிங்கம் தராசுக்கும் லொறிக்கும் இடையில் கால் சுட்டவர் போல நடந்தார்.

“கொழுந்து சூடேறிப் பழுதாகப் போகுது. துரைக்கு ஆர் பதில் சொல்லுறது? அரை மணித்தியாலத்துக்கு மேல நிக்கிறம்! மாடசாமி, நேரத்தைப் பார்!”

மாடசாமி சட்டைக்கையை மேலே தள்ளிப் பார்த்தார். கையை உதறிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“கால் மணிகூட ஆகலீங்கய்யா.”

செவனம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

“அந்தக் கால் மணிதாங்கய்யா. அதுலதான் எம்புள்ளய வளத்துக்கச் சொன்னீங்க.”

பிள்ளை தானாக மார்பை விட்டதும் அவள் எழுந்து, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கூடையைத் தூக்கி மாட்டினாள்.

அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். மறுநாளும் மாடசாமி காம்பரா வாசலில் நின்றார். ஆனால் குரல் கொடுக்கவில்லை. கடிகாரக் கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

அறுபத்திரண்டில் தனலெட்சுமி தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போன செவனம்மாவை மாடசாமி வழியில் பார்த்தார். தலை நரைத்து, சாதுவாகிப் போயிருந்தார். பிள்ளையின் தலையைத் தடவி, “அடேங்கப்பா, எவ்வளவு சுருக்கா வளந்துட்டா!” என்றார்.

செவனம்மா அவர் கையைப் பிள்ளையின் தலையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“சுருக்கா ஒண்ணும் வளரலீங்க, கங்காணியாரே.”