ஃபிளாப்பிக்கு வைத்த சந்தனம்

சாமி காரியத்தில் நான் கெட்டிக்காரி என்று எங்கள் வீட்டில் பெயர். ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிற வேலை ஏழு வயதிலிருந்தே என்னுடையது. அரிவாள்மணை, தையல் மிஷின், கிரைண்டர், அப்பாவின் சைக்கிள், என் ஜியாமெட்ரி பாக்ஸ் என்று ஒன்றையும் விடமாட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் சித்தப்பாவின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டது.

அப்போது கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தம்பியான சித்தப்பா, சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். சென்டரை மூடிவிட்டார்கள். போன இடத்திலெல்லாம் 'உங்களுக்குத் தெரிந்தது எல்லாம் பழசு' என்று அனுப்பிவிடவே, ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து முன்னறையில் படுத்தார். படுத்தார் என்றால் படுத்தவர்தான், நாலு மாதம் எழவில்லை. சவரம் கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால் "நீங்க சாப்புடுங்க அண்ணி" என்பார். வீட்டிலிருந்த எலி மருந்தை அம்மா தூக்கிப் போட்டது அந்த நாட்களில்தான். எலி எல்லாம் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை எழுப்பியது பரணில் கிடந்த ஒரு பெட்டி. டிவியோடு இணைக்கிற பழங்காலத்துக் கம்ப்யூட்டர். காலேஜ் நாட்களில் அவர் அதில் பொழுதுபோக்காக ஒரு விளையாட்டு எழுதியிருந்தார். மாமல்லபுரத்துக் கரையில் ஒரு கட்டுமரம், அலை உடைவதற்குள் அதைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட வேண்டும். கூடவே பன்னிரண்டு ஃபிளாப்பிகள் கிடைத்தன. கடல் காற்றில் பதினொன்று பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. மிச்சமிருந்த ஒன்றிலும் ஆட்டம் பாதியில் நின்றுவிடும். மூன்று வாரம் உட்கார்ந்து, விட்டுப்போனதையெல்லாம் மறுபடி எழுதி, அதே ஃபிளாப்பியில் சேர்த்தார். காப்பி எடுக்க இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

ஒருநாள் டிவியில் பச்சைக் கோடுகளாக அலை வந்தது. என்னை உட்காரவைத்து ஆடச் சொன்னார். நான் உடனே கட்டுமரத்தைக் கவிழ்த்தேன். சித்தப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். அம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அவர் சவரம் செய்துகொண்டு பூத்துக்குப் போய் யாருக்கோ போன் பேசினார். அந்த மனிதர் சென்னைக் கம்பெனி ஒன்றில் பெரிய வேலையில் இருந்தவர், அவரும் அந்தக் காலத்தில் இதே மாதிரிப் பெட்டியில் தொழில் பழகியவராம். விஜயதசமிக்கு மறுநாள் பெட்டியோடு வந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடினால் வேலை நிச்சயம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

பூசையன்று அம்மா சொன்னாள்: "தம்பி, அந்தப் பொட்டியயும் கொண்டாந்து சாமிகிட்ட வைப்பா. நல்லது நடக்கப் போவுது."

கொண்டுவந்து வைத்தார். ஃபிளாப்பி, காகித உறைக்குள் பெட்டிமேல் இருந்தது. உறைக்குப் பொட்டு வைத்தால் ஃபிளாப்பிக்கு வைத்ததாகுமா? வெளியே எடுத்தேன். கறுப்புச் சதுரம். கீழ்ப்பக்கம் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதில் பழுப்பாக ஏதோ பளபளத்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். திருப்பி இன்னொரு பக்கமும். பிறகு சமர்த்தாக உறைக்குள் போட்டுவிட்டேன்.

பூசையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூசை முடியும்வரை தொடக்கூடாது. சித்தப்பாவும் தொடவில்லை. உள்ளே சந்தனம் நிதானமாகக் காய்ந்தது.

காலையில் அவர் உருவியபோது உறை ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது.

"நீ வெச்சியா?"

"ஆமா சித்தப்பா. ரெண்டு பக்கமும் வெச்சேன்."

ஃபிளாப்பியைத் திருப்பி இன்னொரு பக்கத்தையும் பார்த்தார். "அழகா வெச்சிகீற" என்றார்.

பஞ்சை நனைத்துத் துடைத்தார். சந்தனத்தோடு அந்தப் பழுப்பும் சேர்ந்து வந்தது. போட்டுப் பார்த்தார். பெட்டி கரகரவென்று கத்திவிட்டு ஓய்ந்தது. சத்தம் கேட்டு அம்மா வந்தாள்.

"இன்னாப்பா, ஓடலியா?"

"உப்புக் காத்து அண்ணி. இத்தயும் தின்னுடுச்சி."

நான் பக்கத்திலேதான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் அவர் சென்னைக்குப் போகவில்லை. வெறுங்கையோடாவது போய்வரச் சொல்லி அம்மா கெஞ்சிப் பார்த்தாள். "போயி இன்னாத்த காட்றது அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். அந்தப் பொங்கலுக்கு அவர் இல்லை.

இன்று நானும் கூடுவாஞ்சேரியில் ரயிலேறிக் கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போகிறேன். போன வருடம் ஆபீஸில் ஒருவர் வேடிக்கைக்காக ஒரு பழைய ஃபிளாப்பியைக் கொண்டுவந்தார். அந்தத் திறப்பைக் காட்டி, இங்கே விரல்கூடப் படக்கூடாது, பட்டால் போச்சு என்றார். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

சித்தப்பாவோடு நான் கடைசியாகச் சண்டை போட்டது தீபாவளிக்கு முன்னால். பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், அப்போதும் படுத்திருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"நான் அவ்ளோ நல்லா பொட்டு வெச்சேன் இல்ல? நீ படுத்துகினே இருந்தா சாமி இன்னா பண்ணும்?"

"வாஸ்தவம்தான் கண்ணு" என்றார். "சாமி மேல தப்பில்ல. உம் மேலயும் தப்பில்ல."

என்மேல் என்ன தப்பு இருக்க முடியும், இவர் எதற்கு என்னைச் சேர்த்துச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.