சும்மா நின்ற பைக்

கணவர் துபாய்க்குப் போனபின் அவருடைய பைக் பல மாதங்களாக எங்கள் வீட்டுக்குள், சமையலறையை ஒட்டி நின்றது. அன்று எனக்குக் கடும் ஜலதோஷம். எந்த வாசனையும் தெரியவில்லை. டீ போட லைட்டரை எடுத்தேன். பீங்கான் ஜாடி விற்க வந்த பெண் வாசலிலிருந்து அலறினாள்.

"அக்கா, பத்த வைக்காதீங்க! வூடு பூரா பெட்ரோல் நாத்தம் அடிக்குது!"

திரும்பினேன். பைக்கிலிருந்து கசிந்த ஈரம் என் காலடி வரை வந்திருந்தது. நான் லைட்டரை மேடையில் வைப்பதற்குள் அவளே உள்ளே ஓடி, கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளை வெளியே தூக்கிக்கொண்டு போனாள்.

பிறகு வந்த மெக்கானிக் டேங்க்கின் அடியிலிருந்த பெட்ரோல் குழாயைக் கழற்றினார். "பழைய பெட்ரோல் ரப்பர் வாஷரை அரிச்சிடுச்சுங்க. வண்டிய ரொம்ப நாள் நிறுத்துறதா இருந்தா டேங்க்க வடிச்சிடணும்."

மாலையில் கணவர் போனில் கேட்டார். "வண்டி நல்லா இருக்குதா?"

"வித்துடலாங்க" என்றேன். சும்மா நிற்கும் பொருள் யாரையும் ஒன்றும் செய்யாது என்று அன்றுவரை நம்பியிருந்தேன்.