ஒற்றைக்காலில் சண்டை போட்ட கதாநாயகன்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் நான் படித்த பெண்கள் கல்லூரியில், என் அளவுக்குக் கார்ட்டூன் போட வேறு ஆள் கிடையாது. அன்றைக்கும் இதைக் கூச்சப்படாமல் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். என் தோழி ஒருத்தி, மேலூர்க்காரி, எந்த நடிகரின் குரலிலும் பேசுவாள். கல்லூரி விழாவுக்கு இருவரும் சேர்ந்து சினிமாவைக் கிண்டலடித்து ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சி தயாரித்தோம்.

இயற்பியல் துறையில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. அதன் கண்ணாடி மேல் எதை வைத்தாலும் திரையில் பெரிதாகத் தெரியும். பழைய எக்ஸ்ரே பிலிம்களைத் தெளியக் கழுவி, அதில் உருவங்களை வரைந்து வெட்டினேன். கை, கால், தலை எல்லாம் தனித்தனித் துண்டுகள். மூட்டுக்கு மூட்டு நூல் முடிச்சு. குச்சியால் தள்ளினால் நடக்கும், குதிக்கும், காதலிக்கும். சாகிற நேரத்தில் நிறுத்தாமல் வசனம் பேசும் அம்மா, ரேடியோவில் பல்பொடி விற்கும் குரல், ஒரே பாட்டில் ஐந்து சட்டை மாற்றும் கதாநாயகன் என்று குட்டிக் குட்டிக் காட்சிகள்.

ஒத்திகையன்று வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீசியன், கோரிப்பாளையத்தில் ரசிகர் மன்றம் நடத்துபவர். திரையில் கதாநாயகனின் தலைமுடியைப் பார்த்தவுடனே அது தன் மன்றத்து நடிகர்தான் என்று அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"எங்க தலைவரக் கிண்டல் பண்றதுக்கு நான் கரண்ட் குடுக்கணுமாக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. தோழிதான் முந்திக்கொண்டாள். "அண்ணே, முழுசா உக்காந்து பாருங்க. சிரிப்பு வரலைன்னா நாங்களே எடுத்துர்றோம்."

அவர் பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது சட்டை வரைக்கும் தாக்குப்பிடித்தார். நான்காவதில் தோள் குலுங்கியது. புரொஜெக்டர் விளக்கு அணைந்ததும் எழுந்து, "சரி, இருக்கட்டும். ஆனா அந்த இன்னொருத்தர் எங்க? எங்காளை மட்டும் இம்புட்டு ஓட்டுனா எப்படி?" என்றார்.

நியாயம்தான். அன்று சாயங்காலமே போட்டி நடிகரையும் வரைந்துவிட்டேன். அவருக்குக் கண்ணாடியும் சிகரெட்டும் கொடுத்து இருவரையும் மோதவிட்டோம்.

விழாவன்று அரங்கம் நிறைந்திருந்தது. சண்டைக்காட்சி உச்சத்தில் இருந்தபோது கதாநாயகனின் கால்மூட்டு நூல் அறுந்தது. கால் தனியாகக் கழன்று திரையின் மூலைக்குப் போய் நின்றது. தோழி மைக்கை விடவில்லை. அதே கம்பீரக் குரலில், "டேய்! உன்னை அடிக்க எனக்கு ஒரு கால் போதும்டா!" என்றாள்.

விசில் பறந்தது. பேராசிரியைகளே மேசையைத் தட்டினார்கள். நானும் சுதாரித்து, கழன்ற காலைக் குச்சியால் நகர்த்தி எதிராளியின் முதுகில் ஒரு உதை விட்டேன். அதன் பிறகு நாங்கள் எழுதி வைத்திருந்தது எதுவும் நடக்கவில்லை. அவள் வாய்க்கு வந்ததைப் பேச, நான் கைக்கு வந்ததைச் செய்தேன்.

முடிந்ததும் எலக்ட்ரீசியன் அண்ணன் மேடைக்குப் பின்னால் வந்தார். மன்ற ஆண்டுவிழாவில் இதைப் போட்டுக் காட்ட வேண்டுமென்றார். நான் அப்பாவிடம் கேட்டேன். "நானும் கூட வாரேன்" என்றார் அப்பா.

அப்படித்தான், ரசிகர்கள் மட்டுமே கூடியிருந்த ஒரு தெருவில், அவர்கள் தலைவரையே கேலி செய்து கைத்தட்டல் வாங்கினோம்.