சனிக்கிழமை ஆடும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும்

எங்கள் வடக்குத்து கிராமத்து ஆடுகள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் மேய்ந்தால், குவார்ட்டர்ஸ்காரர்கள் பிடித்து எட்டு நாள் கட்டிப்போடுவார்கள். சண்டை முற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினோம். இனிமேல் பிடித்த ஆட்டை அன்று சாயங்காலமே கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது.

என் ஆடு முந்தின நாளே பிடிபட்டிருந்தது. நிறைசினை. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து, அதைக் கட்டிவைத்திருந்த வீட்டுக்குக் கேட்கப் போனேன். அந்த வீட்டு அம்மா திருநெல்வேலிக்காரர்.

"அது அவரைக்கொடியத் தின்னது சனிக்கிழமை. பேசினது ஞாயித்துக்கிழமை. அந்தப் பேச்சு இதுக்குச் செல்லாது."

"தின்னது அன்னிக்கிங்க. கட்டி வச்சிகினு இருக்கறது இன்னிக்கிதானே?"

"நீங்க வக்கீலுக்குல்லா படிச்சிருக்கணும்!"

"மூணாவதுங்க."

சிரித்தார். அவிழ்க்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவரும், அந்த அம்மாவின் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் குடியிருக்கும் போர்மேனும்தான் ஞாயிற்றுக்கிழமை பேச்சை முடித்தவர்கள். செவ்வாய்க்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆடு விடியற்காலையில் இரண்டு குட்டி போட்டிருந்தது. அம்மா அதற்குக் கோணி விரித்து, கஞ்சித்தண்ணி வைத்திருந்தார்.

இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் போர்மேன் சொன்னார்:

"குட்டிங்க பேச்சுக்கு அப்புறம் பொறந்தது. ஒரு இலையும் தின்னல. சாயங்காலத்துக்குள்ள குடுத்துடணும்."

"தாய்?" என்றார் அம்மா.

"குட்டிங்களுக்குப் பாலு நீங்க குடுப்பீங்களாம்மா?" என்றார் எங்கள் பெரியவர்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கயிற்றை அவரே அவிழ்த்தார்.

குட்டிகளைத் தூக்கிக்கொண்டேன். தாய் கத்திக்கொண்டே பின்னால் வந்தது. வாசல் கேட் வரை வந்து அம்மா சொன்னார்:

"குட்டிக்காகத்தான் விட்டேன். சனிக்கிழமை தின்னது தின்னதுதான்."

"சரிங்கம்மா" என்றேன்.