படியில் நின்ற பாட்டில்கள்

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வார்டு கிளினிக் பூட்டியிருந்தது. அம்மாவின் பிரஷர் மாத்திரைக்காகப் போயிருந்தேன்.

"சர்க்கார்ல காசு நிறுத்திட்டாங்களாம் அக்கா. டாக்டரம்மா இனி வரமாட்டாங்க" என்றாள் எதிரே பூ விற்பவள்.

எரிச்சலோடு படியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். காற்று அதன் வாயில் பட்டு 'ஊ' என்றது. உள்ளங்கையால் அதன் வாயை மூடினேன்.

என் சிறுவயதில் இதே கட்டடம் தர்மாஸ்பத்திரி. சிவப்பு மருந்து வாங்கப் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பெண்கள் விடிகாலையில் பாட்டிலைப் படியில் வைத்து இடம் பிடித்துவிட்டு, அடுப்பைக் கவனிக்க வீட்டுக்கு ஓடுவார்கள்.

அப்போதும் ஒரு வருஷம் மருந்துக்கான பணத்தை சர்க்கார் வெட்டியதும் கதவில் பூட்டு தொங்கியது. ஆனாலும் பாட்டில்கள் வந்து நின்றன. ஆடிக் காற்றில் எல்லாம் சேர்ந்து முனகும். வீட்டில் இழுப்போடு படுத்திருந்த தம்பியின் நெஞ்சிலும் அதே சத்தம்.

"பூட்டித்தானே கெடக்கு, நம்ம பாட்டில எடுத்துட்டு வரட்டாம்மா?" என்று கேட்டேன்.

"தொடாத கண்ணு. திடீர்னு தெறந்தா நம்ம எடம் போயிரும்."

ஒரு விடியலில் தம்பியின் சத்தம் நின்றது. அவனைப் புதைத்த மறுநாளும் அம்மா பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோய்ப் படியில் வைத்தாள். தெருவில் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

இன்று வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. பாட்டிலைப் படியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். எடுக்கத் திரும்பிப் போனேன்.

அதன் பின்னால் இன்னொரு பாட்டில் நின்றது. கழுவிய ஈரம் அதில் இன்னும் காயவில்லை.