நனையாத அங்கி

சைக்கிள் ஊழியர் என்று கேட்டால்தான் அந்தத் தெருக்களில் ஆளைக் காட்டுவார்கள். சபையின் மிஷன் வேலையில் சேர்ந்த வருடம் வாங்கிய சைக்கிள். அதன் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு, நாற்காலியைத் துடைத்துப் போடுகிறவர்களும் உண்டு.

மிஷனில் ஒரு வழக்கம். ஞானஸ்நான ஞாயிறுக்கு முன்பே வெள்ளை அங்கிகள் சலவைக் கடைக்குப் போய்விடும். ஆட்களை எண்ணி அனுப்புவதில்லை. மேலிடம் வைத்த இலக்கை எண்ணி அனுப்புவார்கள். ஞாயிறு முடிந்து மூட்டை கடைக்குத் திரும்பும்போது, ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கியவை ஈரமாக இருக்கும். ஆள் கிடைக்காதவை மடிப்புக் கலையாமல் இருக்கும். மேலிடத்துக்குத் தெரியுமுன்பே சலவைக் கடைக்காரருக்கு நிலவரம் தெரிந்துவிடும்.

"என்ன ஊழியரே, இந்தத் தடவையும் ரெண்டு காய்ஞ்சே வந்திருக்கு?"

"மீன் பிடிக்கிற வேலைண்ணே இது. பொறுமை வேணும்."

"மீன் பிடிக்கிறவனை மாசாமாசம் யாரும் கணக்குக் கேக்கறதில்லையே!"

சிரித்து ஓய்ந்த பிறகும் ஊழியர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. இந்த மனிதர் என்றாவது ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தானாக ஞானஸ்நானம் கேட்க வேண்டும். கடைக்காரரோ வேதத்தில் சந்தேகம் கேட்பார், இறந்துபோன மனைவியைப் பற்றிப் பேசுவார், ஊழியர் ஜெபித்தால் தலை குனிந்து நிற்பார். அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்க மாட்டார். மிஷன் விதிப்படி, ஒருமுறை போன இடத்துக்கு மறுபடி போவது கணக்கில் சேராது. ஊழியர் போய்க்கொண்டேதான் இருந்தார்.

அந்த மாதம் மேற்பார்வையாளர் நேரிலேயே வந்துவிட்டார். "ஒரு அங்கிகூடக் காயக் கூடாது தம்பி. காய்ஞ்சா உங்களை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. என் கையில எதுவும் இல்ல."

சனிக்கிழமை மாலைவரை அலைந்தும் ஓர் ஆள் குறைந்தது. மூட்டையை வாங்கப் போனவர் அதையும் மாற்றல் பேச்சையும் கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் கடைசி அங்கியைத் தேய்த்து முடித்தார். மூட்டையில் வைக்காமல் தன் தோளில் வைத்து அளவு பார்த்தார்.

"கை கொஞ்சம் குட்டை. தண்ணிக்குள்ள யாரு பாக்கப் போறா? நாளைக்கு நான் வரேன்."

ஊழியர் கிட்டே வந்தார். "நிஜமாவா அண்ணே? மனசாரத்தான் சொல்றீங்களா?"

"மனசையெல்லாம் இதுல இழுக்காதீங்க. உங்களை மாத்திட்டா இந்தப் பெஞ்சில எவன் வந்து உக்காருவான்? ஒரு முழுக்குத்தானே! தினம் குளிக்கிற உடம்புதான்."

ஊழியர் கை நீட்டி அங்கியை வாங்கினார். இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு போகும்வரை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மடித்து மூட்டையின் மேல் வைத்தார்.

"இப்படி வேணாம்ணே."

"பைத்தியமா உங்களுக்கு? வீட்டுக்காரம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"பாத்திரத்தைக் கட்டச் சொல்றேன்."

"நான் முழுகினா உங்க சாமி வேணாம்னா சொல்லப் போகுது?"

"சாமி சொல்லாது. எனக்குத்தான் மனசு வரல."

புது ஊரிலும் இலக்கு உண்டு, அங்கிகள் உண்டு. ஞானஸ்நானம் முடிந்து ஆட்கள் கலைந்ததும், தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடலாமா என்று காவலாளி வந்து கேட்பார்.

"கொஞ்சம் பொறுங்க" என்பார் ஊழியர்.

பழைய ஊரிலிருந்து பஸ் அந்த நேரத்துக்குத்தான் வரும்.